பட்டாணி அளவு மருந்து

அழகமுத்து முப்பது வருஷம் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் புல்லுக்கு மருந்து அடித்தவர். மருந்து நீர்த்துப்போனால் புல் சாகாது, மறுமாதம் இரண்டு பங்காக முளைத்து நிற்கும். அவர் படித்த படிப்பு அவ்வளவுதான். அந்தப் படிப்பைத்தான் மகளின் முகத்தில் காட்டினார்.

மகள் தனுஜாவுக்கு இருபது வயது. முகம் முழுக்கச் சீழ் வைத்த பரு. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு, பலாங்கொடையில் சாலி முதலாளியின் துணிக்கடைக்குப் போக அவளுக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. முதலாம் திகதி, திங்கட்கிழமை, வேலைக்கு வரவேண்டும். வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறொரு பிள்ளை காத்திருந்தாள்.

அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது பலாங்கொடை ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் ஒரு டியூப் கொடுத்தார். ரெட்டினாய்டு என்று பெயராம். இரவில் முகம் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் சேர்த்தே ஒரு பட்டாணி அளவு. ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு இரவு மட்டும். அதற்கு மேல் முகம் வறளாமலிருக்க வேறு கிரீம். வெயில் படக்கூடாது. பலன் தெரிய மூன்று மாதம் செல்லும். தனுஜா வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அப்படியே ஒப்பித்தாள்.

அழகமுத்துவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. மூன்று மாதம் இழுத்தால்தானே ஆளைத் திரும்பத் திரும்பக் கூப்பிடலாம் என்றார். இருப்பது மூன்று வாரம், காலையும் மாலையும் அள்ளிப் பூசு என்றார். மூன்றாம் நாள் முகம் எரிகிறது என்று அவள் வந்து நின்றபோதும் மனுசன் அசையவில்லை.

"எரிஞ்சாத்தான் புள்ள மருந்து வேல செய்யுது. புல்லு கருகாம சாகுமா?"

அவளும் நம்பினாள். நாள் குறைவு, வேறு என்ன செய்வாள். பூசிய முகத்தோடு கொழுந்து பறிக்க மலைக்கும் போனாள். பன்னிரண்டாம் நாள் உச்சி வெயிலில் கூடையை இறக்கியபோது, கூடைக் கயிறு கிடந்த நெற்றித் தோல் கயிற்றோடு உரிந்து வந்தது. கன்னம் வீங்கிச் சிவந்து நீர் வடிந்தது. அதற்குப் பிறகு யார் முகத்திலும் விழிக்கமாட்டேன் என்று உள் காம்பராவில் போய்ப் படுத்துவிட்டாள்.

"நான் போகல. நீங்களே போய் துணி வித்துக்கங்கப்பா" என்றாள்.

வேலைக்கு மூன்று நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, அழகமுத்து அவளைச் சால்வையால் மூடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டியூப்பைத் தொடாதே, வாசலின் மட்டும் பூசு, வெயிலுக்குப் போகாதே, ஆற இரண்டு வாரமாவது ஆகும், ஆறிய பிறகு பட்டாணி அளவிலிருந்து மறுபடி தொடங்கலாம் என்று டாக்டர் சிங்களத்தில் சொன்னார். திங்கட்கிழமைக்குள் ஆற ஏதாவது கொடுங்கள் மாத்தயா என்று இவர் கையைக் கூப்பினார். தோட்டத்துத் துரைக்குக்கூடக் கூப்பாத கை. அப்படி மருந்து கிடையாது என்றார் டாக்டர்.

மகளை பஸ் ஸ்டாண்டில் நிழல் பார்த்து உட்கார வைத்துவிட்டு, தனியாகக் கடைக்கு நடந்தார். கடையைப் பார்த்துக்கொள்வது சாலி முதலாளியின் மகள் சஜீதா. பிள்ளைக்குக் காய்ச்சல், இரண்டு வாரம் பொறுக்க வேண்டும் என்று முதலில் பொய்தான் சொன்னார். அப்படியானால் மற்றப் பிள்ளையைக் கூப்பிடுகிறேன் என்று சஜீதா போனைக் கையில் எடுத்தாள். அழகமுத்து உண்மையைச் சொல்லிவிட்டார்.

"காய்ச்சல் இல்லம்மா. மொகம் வெந்து போச்சு. எல்லாந் தெரிஞ்சவன் மாதிரி நான்தான் அள்ளிப் பூசச் சொன்னேன். அவ மேல பிழையில்ல."

சஜீதா போனைக் கீழே வைத்தாள்.

"முன்னுக்கு நிப்பாட்ட ஏலாது. திங்கக்கிழம வந்து பின்னால ஸ்டோர்ல துணி மடிக்கட்டும். நீங்க கேட்ட ரெண்டு கிழம பாப்பேன். அதுக்கு மேல என்னால சொல்ல ஏலாது."

திரும்பி வந்து மகளிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். பொய் சொன்னதையும் சொன்னார். அவள் சால்வையை விலக்கவில்லை.

"ரெண்டு கிழமைல ஆறலன்னா?"

அழகமுத்து எழுந்து பஸ் வருகிறதா என்று பார்த்தார். றக்வானை பஸ் வந்து நின்றது. அவள் முதலில் ஏறி, வெயில் விழாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். பஸ் மலை ஏறத் தொடங்கிய பிறகுதான், திங்கட்கிழமை காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.