எல்லாருக்கும் பாதி

எங்கள் தொழிற்சாலையில் பத்து வேண்டுமென்றால் இருபது என்று எழுதிக் கேட்பார்கள். கொள்முதல் பிரிவில் இருக்கும் நான் அதைப் பத்தாக வெட்டுவேன். கேட்டவரும் வாயை மூடிக்கொண்டு வாங்கிப் போவார். பதினாறு வருடமாக இந்தக் கூத்து ஒழுங்காக நடந்தது. பாய்லர் ஃபோர்மேன் மட்டும் இரண்டு வேண்டுமென்றால் இரண்டு என்றே எழுதுவார். அதனால் அவருக்குத் தராசு என்று பட்டப்பெயர். அவர் சீட்டில் நான் பேனா வைத்ததே இல்லை.

பிறகு ஈஆர்பி என்ற மென்பொருள் வந்தது. கேட்பது, ஒப்புதல், ஆர்டர் எல்லாம் இனி கணினியில். அதைப் பொருத்த வந்தவர் என்னிடம், "எந்த விதிப்படி குறைக்கிறீங்க மேடம்?" என்று கேட்டார்.

ஆளைப் பார்த்துதான் குறைக்கிறேன் என்பது உண்மை. ஆனால் மேலாளர் பக்கத்தில் நின்றிருந்தார். ஆளுக்கொரு நியாயமா என்று கேட்டுவிடுவாரே என்று கூச்சமாகிவிட்டது. "எல்லாருக்கும் பாதி" என்றேன். பொருத்த வந்தவர் அதை அப்படியே கணினியில் ஏற்றிவிட்டார். தராசு அண்ணன் எனக்கு நினைவுக்கே வரவில்லை. இப்போது சொல்லவும் வெட்கமாக இருக்கிறது.

முதல் மாதமே அவர் நீராவி கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் இரண்டு கேட்டார். ஒன்று வந்தது. பாய்லரின் இன்னொரு மூடிக்குப் பழையதையே வைத்து ஓட்டச் சொன்னார் மேலாளர். மூன்றாம் நாள் அது பிய்த்துக்கொண்டு, ஆவி பட்டு தராசு அண்ணனின் முன்கை வெந்துபோனது.

அன்றே பாய்லர் பிரிவுக்கு வெட்டு கிடையாது என்று விதியை மாற்ற வைத்தேன். கைக்கட்டோடு வேலைக்கு வந்தவரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"விடும்மா. நீ என்ன வேணும்னா செஞ்சே?" என்றார்.

மன்னித்துவிட்டார். ஆனாலும் இனி இரண்டை இரண்டென்று எழுதுவாரா என்ற கவலை என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் திரையில் அவர் கோரிக்கை வந்தது. கேஸ்கெட், நான்கு.

கீழே இறங்கிப் போனேன். "அண்ணே, இப்ப ரெண்டு கேட்டா ரெண்டே வரும். நானே மாத்தி வச்சிருக்கேன்."

"தெரியும்மா. உன்னை நம்பாம இல்ல." கையுறையை மெதுவாகக் கழற்றினார். "நாளைக்கு உன் நாற்காலியில யார் உக்காந்து எதை மாத்துவாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாலுன்னே இருக்கட்டும்."

உள்ளதை உள்ளபடி எழுதிய ஒரே மனிதரைக் கெடுத்தது நான்தான். மேலே வந்து நான்குக்கே ஒப்புதல் கொடுத்தேன்.