இழைக்கு ஒரு விக்கெட்

இந்திய கிரிக்கெட் அணி இப்படிச் சரிந்து சரிந்து விழுகிறதே, யார் காரணம் என்று டீவியில் கோட் போட்டவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். பிட்ச் என்றார்கள், கோச் என்றார்கள், பொறுமையில்லாத பையன்கள் என்றார்கள். முள்ளிப்பட்டில் அவ்வளவு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. காரணம் லோகநாதன் என்று நெசவுக்காரத் தெருவில் எப்போதோ தீர்ப்பாகிவிட்டது.

லோகநாதன் கிரிக்கெட் மட்டையைத் தொட்டவர்கூட இல்லை. அவர் தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பிணைக்கிறவர். தறியில் ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், பழைய பாவின் மிச்ச நூலோடு புதுப் பாவின் நூலை இழை இழையாகச் சேர்த்து முறுக்க வேண்டும். விரலைச் சாம்பலில் தொட்டுத் தொட்டு ஆயிரக்கணக்கான பட்டு இழைகளை ஒன்றுவிடாமல் சேர்க்கிற வேலை. முதுகு ஒடிந்துவிடும். அதை அவர் வீடு வீடாகப் போய்ச் செய்துவந்தார்.

போன வருஷம் பலராமன் வீட்டில் அவர் பாவு பிணைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு ராஜ்குமார் மேட்ச் பார்க்க வந்திருந்தான். நன்றாக ஆடிக்கொண்டிருந்த நம் ஆட்கள் திடீரென்று வரிசையாக அவுட்டானார்கள். ராஜ்குமார் தறிப் பக்கம் திரும்பி, "மாமா இழைக்கு ஒரு விக்கெட் எடுக்கறாருப்பா" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். லோகநாதனும் சிரித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. அடுத்த மேட்சின்போது அவர் வேறொரு வீட்டில் தறியில் உட்கார்ந்திருக்க, அங்கேயும் அதே கதை. அதற்கடுத்த தடவை ராஜ்குமார் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அவர் படத்தைப் போட்டு, 'ஆட்ட நாயகன்' என்று எழுதினான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காக்கை உட்காரும்போதெல்லாம் பழம் விழுந்தால் ஊர் என்ன செய்யும்? காக்கையைத்தான் விரட்டும்.

கேலி கேலியாகவே நின்றிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். மழைக்காலத்தில் ஒருநாள் ராஜ்குமார் வீட்டுத் தறியில் லோகநாதன் பிணைத்துவிட்டுப் போன இழைகள் கொத்தாக அறுந்தன. ஈரக்காற்றில் எந்தப் பாவுதான் அறாது? ஆனால் அவன் அம்மா, "அந்த ஆளு கை ராசியில்ல" என்று சொல்லிவிட்டாள். நல்ல நேரம் பார்த்து, சூடம் ஏற்றி, அப்புறம்தான் முதல் இழையைச் சேர்க்கிற தெரு அது. அங்கே அந்தச் சொல் போதும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பெரணமல்லூரிலிருந்து வேறு ஆளை வரவழைக்க ஆரம்பித்தார்கள். லோகநாதனின் போன் அடிப்பது நின்றுபோனது.

இதில் கொடுமை என்னவென்றால், லோகநாதனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார். ஆயுள் முழுக்கக் கைராசியில் பிழைத்தவர் வேறு எதை நம்புவார்? வீட்டில் மேட்ச் ஓடினால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார். மனைவி தெய்வநாயகி தலையில் அடித்துக்கொள்வாள்.

"மட்டையைப் புடிச்சிகினு நிக்கறவன் எங்கயோ நிக்கறான். நீ இங்க குந்திகினு அவனை எப்படிய்யா அவுட்டாக்குவ?"

"இன்னாவோ தெய்வா, என் நேரம் அப்படி இருக்குது" என்பார்.

கார்த்திகையில் பலராமன் வீட்டில் பாவு தீர்ந்தபோது, பெரணமல்லூர்க்காரர் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். தறியில் ஏற வேண்டியது கல்யாணப் புடவை, காத்திருக்க முடியாது. பலராமன் யோசித்தான். அவன் மனைவி பானுப்ரியா யோசிக்கவில்லை, போனை எடுத்து லோகநாதனைக் கூப்பிட்டுவிட்டாள்.

அன்றைக்கென்று டெஸ்ட் மேட்சின் கடைசி நாள். நம் ஆட்கள் பேட்டிங். லோகநாதன் வழியெல்லாம் வேண்டிக்கொண்டே போனார். இன்றைக்கு ஒருநாள் இவர்கள் விழாமல் நின்றால் போதும், தெரு பழையபடி கூப்பிடும். விழுந்தால் பலராமன் வீடும் போச்சு, அதோடு முள்ளிப்பட்டில் அவர் பிழைப்பும் போச்சு. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள்கூட அவர்களுக்காக அவ்வளவு வேண்டியிருக்க மாட்டார்கள்.

காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ராஜ்குமார் வந்து டீவி முன்னால் உட்கார்ந்தான். தறிப் பக்கம் ஒரு பார்வை பார்த்ததோடு சரி, வாயைத் திறக்கவில்லை. மதியச் சாப்பாடு வரைக்கும் ஒரே ஒரு விக்கெட். லோகநாதனுக்கு விரல்கள் தானாக ஓடின. பிணைத்து முடித்த இழைகள் ஒரு பக்கம் சேரச் சேர, அவருக்குப் பழைய தைரியம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் சனி பிடித்தது. வெளியே போன பந்தைத் தொட்டு ஒருவன் கீப்பரிடம் கொடுத்தான். அடுத்த ஓவரில் இன்னொருவன் காலை நீட்டி நின்றான், அம்பயர் விரலைத் தூக்கினார். அப்புறம் ஒரு ரன் அவுட். இரண்டு பேரும் ஒரே பக்கம் ஓடி நின்றார்கள். ஒவ்வொரு தடவையும் பலராமனும் ராஜ்குமாரும் டீவியைப் பார்க்கவில்லை, தறியைத்தான் பார்த்தார்கள். லோகநாதனின் விரலிலிருந்து ஒரு இழை நழுவியது.

பலராமன் நல்லவன். அதனால் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "மாமா, ஒரு டீ சாப்ட்டு வாங்களேன். இந்த ஜோடி கொஞ்சம் செட்டாகட்டும்."

லோகநாதன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். அழுகை வரும்போல இருந்தது. இத்தனை வயதில் தெருவில் அழுதுகொண்டு நடப்பதா என்று அடக்கிக்கொண்டார்.

டீக்கடை பெஞ்சில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர்டான தபால்காரர் சிவப்பிரகாசம். லோகநாதனைப் பார்த்ததும் நகர்ந்து இடம்விட்டார்.

"உங்களையும் அனுப்பிட்டாங்களா?" என்றார்.

"உங்களை யாருங்க அனுப்பினது?"

"எம் மருமவன்தான். நான் அந்த நாற்காலியில குந்தினா விக்கெட் வுழுதாம். இப்ப ஒரு ரன் அவுட்டு ஆச்சே, அதுக்குத்தான் அனுப்பினான்."

லோகநாதனுக்குச் சுருக்கென்றது. "அந்த ரன் அவுட்டு என்னாலங்க" என்றார்.

"இன்னா பேசறீங்க? நான் குந்தறேன், அவன் ஓடறான், ஸ்டம்ப் பறக்குது. எங்க வூடே சாட்சி."

"எனக்கும் சாட்சி இருக்குதுங்க. இழையைத் தொட்டுகினு இருந்தேன், அப்பதான் ஆச்சு."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சொத்துத் தகராறுபோல அந்த ரன் அவுட்டுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் டீ மாஸ்டரின் போனில் ஓடிக்கொண்டிருந்த கமென்ட்ரி உச்சத்துக்குப் போயிற்று. இன்னொரு விக்கெட். இரண்டு பேரும் போன் பக்கம் திரும்பினார்கள்.

"நீங்க தறியில இல்ல" என்றார் சிவப்பிரகாசம் மெதுவாக. "நானும் நாற்காலியில இல்ல. அப்ப இது யாருது?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. அதற்குள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு பானுப்ரியா வந்துவிட்டாள். வந்த வேகத்திலேயே அவள் கோபம் தெரிந்தது.

"ஏண்ணே, பாவு பாதியில நிக்குது. நீங்க இங்க குந்திகினு இருக்கீங்க. வேற கை பட்டா முறுக்கு மாறிப்பூடாதா? ஜல்தி வாங்க."

"வேணாம்மா. மாப்ளைக்குப் பேஜாராவும். மேட்ச் முடியட்டும்."

"மேட்ச் முடியறதுக்கு இன்னும் ரொம்ப நேரம் ஆவாது. வாங்க."

வீட்டுக்குள் அவர் நுழைந்ததும் ராஜ்குமார் உச்சுக்கொட்டினான். பலராமன் மனைவியைப் பார்த்து, "நான் இன்னா வேணும்னா சொல்றேன் பானு? மாமா இருந்தப்பல்லாம் வுழுந்துகினுதானே இருக்குது? நம்ம கண்ணால பார்த்ததுதானே?" என்றான்.

பானுப்ரியா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தாள்.

"கண்ணால பார்த்தீங்க, சரி. எப்ப பார்த்தீங்க? தறி ஓடிகினு இருந்தா இந்த வூட்ல மேட்ச் பார்க்க முடியுமா? தறிப் பலகைச் சத்தத்துல டீவி கேக்குமா? கண்ணை எடுத்தா சரிகை தப்பிப்பூடும். தறி நின்னாத்தான் நீங்க டீவி முன்னாடி குந்தறீங்க. தறி எப்ப நிக்குது? அண்ணன் வந்து பாவு பிணைக்கறப்பதானே நிக்குது?"

பலராமன் ரிமோட்டுக்குக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"இந்தத் தெருவுல எல்லா வூட்லயும் அதே கதைதான். அண்ணன் தறியில இருந்தா நீங்க டீவியில இருப்பீங்க. அண்ணன் இல்லாத நாள்லயும் அவனுங்க வுழுந்துகினுதான் இருந்தானுங்க. நீங்க நெய்துகினு இருந்தீங்க, பார்க்கல. ஆடத் தெரியாதவன் அங்க ஆடறான், கோணல் நம்ம அண்ணன் கையிலயா?"

ராஜ்குமார் தரையைப் பார்த்தான். "பெரணமல்லூர்க்காரர் நம்ம வூட்ல பிணைச்சப்பவும் நம்ம ஆளுங்க ஒரே நாள்ல சுருண்டுட்டாங்க" என்றான், யாரிடமோ சொல்வதுபோல. "அது அவராலனு நாம சொல்லலியே."

லோகநாதன் தறியில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வருஷமாக நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது மெல்ல இறங்கியது. அப்பாடா என்று இருந்தது. நான் இல்லை, நான் இல்லவே இல்லை என்று உள்ளுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். எத்தனை தடவை சொன்னாலும் அது உண்மையாகவே இருந்தது. கண் கலங்கியது. சாம்பல் விரலால் துடைத்துக்கொண்டதில் எரிந்தது, அந்த எரிச்சலும் நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலத்துக்குள் மற்றவர்களும் வரிசையாகப் போய், டீவியில் கடைசி ஜோடி ஆடிக்கொண்டிருந்தது. ஒருவன் எங்கேயோ போய்க்கொண்டிருந்த பந்தை வலியத் தேடிப்போய்த் தொட்டு, ஸ்லிப்பில் நின்றவனுக்கு லட்டு மாதிரி கொடுத்தான். ஆட்டம் முடிந்தது. இந்த முறை யாரும் தறியைப் பார்க்கவில்லை.

"எவன்யா இவன்?" என்றார் லோகநாதன். "அந்தப் பால் அது பாட்டுக்குப் போவுது. அதை இவன் ஏன் தொடறான்? வுட்டுட்டு நிக்கறதுக்கு இன்னா கேடு இவனுக்கு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தப்பைத் தன் தலையில் சுமந்துகொண்டு அடுத்தவனைத் திட்ட முடியுமா? ஒரு வருஷமாக எந்த பேட்ஸ்மேனையும் அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது கையில் இழை ஓட ஓட, கால் நீட்டியவனை, ஒரே பக்கம் ஓடியவர்களை, அவர்களை டீமில் எடுத்தவர்களை என்று ஒருவரையும் விடாமல் திட்டித் தீர்த்தார். பானுப்ரியா சமையலறையில் சிரிக்கும் சத்தம் கேட்டது.

ராஜ்குமார் எழுந்து தறியோரம் வந்து நின்றான். "மாமா, வெள்ளிக்கிழமை எங்க வூட்ல பாவு தீருது. காலையில வந்துடறீங்களா? அம்மாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"வரேன்பா."

"அன்னிக்கும் மேட்ச் இருக்குது மாமா" என்றான் அவன், கொஞ்சம் தயங்கி.

"இருந்தா டீவியைப் போட்டு வையி" என்றார் லோகநாதன். "அந்த ஓப்பனரை நான் இன்னும் ஒண்ணும் கேக்கல."