ஆரோக்கிய ஜெனித் விடாத மூச்சு

திண்டிவனம் அணிக்காக ரெய்டு போன ஆரோக்கிய ஜெனித், அன்றைக்கு இழுத்த மூச்சை மூன்றாம் வருஷமாக இன்னும் விடவில்லை. விழுப்புரத்தோடு இறுதிப் போட்டி, திண்டிவனத்து மைதானம். நடுக்கோட்டைத் தாண்டி "கபடி கபடி" என்று பாடிக்கொண்டு எதிராளி பக்கம் அவன் நுழைந்த நேரம் பார்த்து ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தத்தை அறிவித்தது. பிடிக்க வேண்டிய ஏழு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். நடுவர் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். ஜெனித் யோசித்தான். திரும்பிப் போய்க் கோட்டைத் தொட்டால் ஆடியதாகிவிடும், சங்கத்துக்குத் துரோகம். மூச்சை விட்டால் அவுட், அணிக்குத் துரோகம். நேர்மையான ஆள் என்பதால் நின்ற இடத்திலேயே பாடிக்கொண்டிருந்தான்.

சண்டை இதுதான். அந்த லீகில் ஒரு முதலாளியின் பனியனைப் போட்டவன், அவராகக் கழற்றச் சொல்லும்வரை வேறு பனியன் போடக் கூடாது. போதாததற்குச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வரும் என்றார் லீகின் தலைவர் தெய்வசிகாமணி. விழுப்புரம் அணியும் அவருடையதுதான். ஆட்டக்காரர்கள் முறுக்கிக்கொண்டதும் அவர் கோப்பையைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். வல்லம் பக்கம் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர்களை வேனில் ஏற்றிவந்து, பனியன் மாட்டி இறக்கினார். அவர்களோ ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். பாடிப் போனவன் பாதியில் நிறுத்தி, மாட்டுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்தான். பிடிக்க வந்தவன் உட்கார்ந்து விவரமாகப் பதில் சொன்னான். ஜனங்கள் டிக்கெட்டைக் கிழித்து எறிந்து, இந்தக் கருமத்தை இனிமேல் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்று மாதா மேலும் மாரியாத்தா மேலும் சத்தியம் செய்துவிட்டுப் போனார்கள்.

ஜெனித்தின் மனைவி லூர்துசெல்விக்கு பைபாஸ் பெட்ரோல் பங்கில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் தூக்குச்சட்டியில் கேப்பைக்கூழோடு மைதானத்துக்கு வருவாள். மூச்சு அறுபடாமல் விழுங்க அவன் பழகியிருந்தான். மழை வந்தால் குடை பிடிப்பாள். புருஷன் வீடு வந்து சேர வேண்டும், அவளுக்கு வேறு கோரிக்கை இல்லை. சங்கத் தலைவர் சித்தார்த்தனிடம் போய்க் கேட்டாள்.

"அவரு வந்தா ஆட்டம் ஆடுன மாதிரி ஆயிடும் அண்ணி. ஸ்டிரைக்கு ஒடைஞ்சிடும்."

"நீ மட்டும் டெய்லி வூட்டுக்குப் போய் சோறு துன்னுட்டு வர்றியே தம்பி. அதுல ஒடையலியா?"

சித்தார்த்தன் போராட்டத்தின் மேன்மையைப் பற்றி நெடுநேரம் பேசினான். அவள் பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

கடைசியில் விழுப்புரத்தில் ஒரு ஏசி ஓட்டலில் சமாதானம் ஆயிற்று. பெயர் எடுத்த நாலைந்து பேர் வருஷத்துக்கு ஒரு பனியன் மாற்றிக்கொள்ளலாம். மற்றவர்கள் பழைய பனியனிலேயே கிடக்க வேண்டும். டிவிக்காரனுக்குப் பொறுமை இல்லை என்று ரெய்டுக்கு அரை நிமிஷக் கெடு வந்தது. மூச்சுக்கு வேலை போயிற்று. யாரும் பாடக்கூட வேண்டாம், ஜெனித் பாடுவதைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் விட்டால் மற்றவர்கள் வாயசைத்தால் போதும் என்றார்கள். ஜெனித்தைச் சுற்றிக் கயிறு கட்டி, முதுகில் ஒரு சோப்பு விளம்பரத்தைக் குத்தி, பார்க்கத் தனி டிக்கெட் போட்டார்கள். வரும்படி முதலாளிகளுக்குப் பாதி, சங்கத்துக்குப் பாதி.

"எங்க லீக்குல இழுத்த மூச்சும்மா, எங்களுக்குத்தான் சொந்தம்" என்றார் தெய்வசிகாமணி, புருஷனை விடச் சொல்லிக் கேட்டு வந்தவளிடம்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே எங்க வூட்டுக்காரரு மூச்சு வுட்டுக்கினுதான் இருந்தாருங்க" என்றாள் லூர்துசெல்வி. பக்கத்தில் நின்ற சித்தார்த்தன் செல்போனைப் பார்த்தான்.

புது சீசன் தொடங்கிய நாளில் சத்தியம் செய்தவர்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் இருந்தார்கள், முகத்தில் சாயம் வேறு. லூர்துசெல்வி தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். பங்க் யூனிபார்மோடு கயிற்றைத் தாண்டிப் போய், புருஷனின் கணுக்காலைக் கட்டிப் பிடித்தாள். பழக்கதோஷத்தில் அவன் நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினான். அவள் விடவில்லை. விசில் ஊதலாமா என்று நடுவர் விதிகளைப் புரட்டினார். பெண்டாட்டி பிடித்தால் என்ன கணக்கு என்று அதில் எழுதியிருக்கவில்லை. விளம்பர இடைவேளை நிகழ்ச்சி என்று நினைத்து ஜனங்கள் கை தட்டினார்கள். தூக்கிப் பார்த்தால் அவனிடம் கனமே இல்லை. அத்தனை நாள் மூச்சும் உள்ளேதானே இருந்தது. பறந்துவிடாமல் துப்பட்டாவால் ஸ்கூட்டியோடு சேர்த்துக் கட்டி, பெருமுக்கல் ரோட்டில் இருக்கும் வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டாள். லீக்காரர்கள் பின்னாலேயே வரவில்லை. அவர்களிடம்தான் பதிவு இருந்ததே.

வீட்டிலும் அவன் பாடிக்கொண்டுதான் இருக்கிறான். உட்கார்ந்தால் மேலே கிளம்பாமலிருக்க மடியில் ஒரு தவிடு மூட்டை. ஞாயிற்றுக்கிழமை பூசையில் கடைசி பெஞ்சில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாடுவான். சாமியார் ஒன்றும் சொல்வதில்லை. இரண்டு தெரு தள்ளி மைதானத்து ஸ்பீக்கரில் அதே குரல் கேட்டால் லூர்துசெல்வி ஜன்னலைச் சாத்திவிடுவாள். பக்கத்து வீட்டுப் பூமாலை மட்டும் ஒருநாள் வந்து, பையனுக்குப் பரீட்சை நடக்கிறது, சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் நன்றாயிருக்கும் என்றாள். ஜெனித் குறைத்துக்கொண்டான்.