மணிச் சத்தமும் ஒரு கிண்ணம் முட்டையும்

"டிங்!"

மணி அடித்ததுதான் தாமதம், வாயிலிருந்த மசித்த முட்டை அவளுக்கு அப்படியே உள்ளே போய்விட்டது.

"மென்னியா?" என்றார் கணவர்.

"மென்னேன்."

"எத்தனை தரம்?"

"நீங்க என்ன கணக்கு வாத்தியாரா?"

சொல்லி வாய் மூடவில்லை, நெஞ்சுக்குழியில் கல்லை வைத்தாற்போல அடைத்தது. குளியலறைக்கு ஓடினாள். பின்னாலேயே துண்டோடு அவரும் ஓடினார்.

வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம். "ஒவ்வொரு வாயும் கூழாகிற மட்டும் மெல்லுங்க. கரண்டியைக் கீழே வைங்க. சின்னக் கிண்ணம்தான், ஆனா அரை மணி நேரம் ஆகணும். ஒரு வாரம் வாந்தி இல்லாம இருந்தாத்தான் வேலைக்கு அனுப்புவேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளோ இருபத்திரண்டு வருடம் வார்டில் நர்ஸாக ஓடியவள். வீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஜன்னல் கம்பிக்கெல்லாம் காய்ச்சல் பார்க்கலாமா என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு வராது, கை பேசும். மாடிக்கு மாடி அடிக்கும் பழைய லிஃப்ட் மணி ஒன்றைக் கொண்டுவந்து, நிமிஷத்துக்கு ஒருதரம் அடிக்கிற மாதிரி சாப்பாட்டு மேசையில் பொருத்தியிருந்தார். "ஒரு மணிக்கு ஒரு வாய். மாடி மாடியா மெதுவா ஏறு" என்றார். அந்த ஆசையைப் பார்த்து வேண்டாமென்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

முகம் கழுவித் திரும்பினாள்.

"எத்தனை பேருக்கு மெதுவா சாப்பிடுங்கன்னு சொல்லியிருப்பே?"

"ஊருக்குத்தானே உபதேசம்!"

"டிங்!" என்றது மேசை. அவள் வெறும் எச்சிலை விழுங்கிக்கொண்டு விருட்டென்று எழுந்தாள்.

"இப்ப எங்கே கிளம்பிட்டே?"

"யாரோ கட்டில்லேர்ந்து கூப்பிடறாங்கன்னு..." பாதியில் நிறுத்தினாள்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வார்டில் மணி அடித்தால் வாயில் இருப்பதை விழுங்கிவிட்டு ஓட வேண்டும். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"அடக் கடவுளே! மெதுவா ஏத்தறேன்னு நினைச்சு உன்னைத் துரத்திக்கிட்டு இருந்திருக்கேனே!" அவர் அப்போதே திருகாணியைக் கழற்றினார்.

"அப்போ நேரம் எப்படிப் பார்க்கறது?"

"நான் பேசறேன்."

"நீங்களா? கல்யாணத்துக்கே 'சரி'ன்னு ஒரே வார்த்தைதானே சொன்னீங்க!"

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஒருநாள் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ளே ஒரு வக்கீல், அவரோட மாமியார், இவ்வளவு பெரிய கேக்."

"ஐயோ, அப்புறம்?"

"ஒரு வாய் வை. மென்னு முடி. சொல்றேன்."

அவள் வாயில் உணவு இருக்கும்வரை அவர் மௌனம். கூழாகி உள்ளே இறங்கினால்தான் கதை ஏறும். அரை மணி நேரம் போனதே தெரியவில்லை. அந்த ஒரு லிஃப்டை வைத்துக்கொண்டே ஏழு நாள் ஓட்டினார் மனிதர். ஏழு நாளும் வாந்தி இல்லை. எட்டாம் நாள் வேலைக்குப் போகச் சீட்டு கிடைத்தது.

வார்டின் ஓய்வறை. கிண்ணத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்கில் சாய்த்துவைத்த போனில் கணவர். எதிரே, கீச்சுக்குரல் என்று எல்லோரும் கூப்பிடும் கூட்டாளி நர்ஸ்.

"கதவை நெம்பித் திறந்தேனா..."

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

"டிங்!" நாலாம் நம்பர் கட்டில்.

கால் தானாக எழப் பார்த்தது, தொண்டை திறக்கப் பார்த்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு மென்றாள்.

"நீங்க மெல்லுங்கக்கா, நான் போறேன். எத்தனை வருஷம் எனக்கும் சேர்த்து ஓடியிருக்கீங்க!" என்று கீச்சுக்குரல் எழுந்து போனாள். போன வேகத்தில் திரும்பினாள். "ஜன்னலைச் சாத்தணுமாம்."

அவள் மென்று முடித்து, விழுங்கி, பிறகுதான் வாயைத் திறந்தாள். "இதுக்கா இத்தனை வருஷம் முழுசு முழுசா முழுங்கினேன்?"

போனில் கணவர் சிரித்தார். "இன்னொரு வாய் வை. மாமியார் கேக்கை என்ன பண்ணாங்கன்னு சொல்றேன்."

கிண்ணத்தில் இன்னும் இரண்டு கரண்டி இருந்தது. அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளிருந்து யாரோ மெதுவாகச் சொல்வது அவளுக்கு இப்போதுதான் கேட்டது.

"போதும்ங்க" என்றாள். "கதையை மட்டும் முடிங்க."