தலமாட்டு முடிச்சு

இப்பல்லாம் ஜனங்களுக்கு எதுக்கெடுத்தாலும் ஆள் வேணும். பந்தி பரிமாற ஆள், பிணம் தூக்க ஆள், பிறந்தநாளுக்குப் பலூன் ஊத ஆள். சாவு வீட்டுக்கு வருகிறவன் செத்தவன் முகத்தைப் பார்க்கிறானோ இல்லையோ, போனைப் பார்க்கிறான். கடைசியில் பார்த்தால், அடுத்தவன் அழுவதைக் கேட்பதற்கும் ஆள் வந்துவிட்டது. அதற்கு ஒரு படிப்பு, ஒரு ரூம், ரூமுக்கு வெளியே ஒரு போர்டு.

சின்னராசு அந்தப் போர்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. படிக்கத் தெரியாது என்பது ஒரு பக்கம். தெரிந்திருந்தாலும் படித்திருக்க மாட்டார். கவரைப்பேட்டை ஸ்டேஷனை ஒட்டின சந்தில், சைக்கிள் ஸ்டாண்டுக்கு மேல் மாடியில் இருந்தது ரூம். பெரிய மகன் சாம்சனைத் தோளைப் பிடித்துப் படியேற்றினார். அனுப்பிவைத்தது மருமகள் கிரேஸ், சாம்சன் பெண்டாட்டி. "மாமா, நீங்க இட்டுக்கினு போவலன்னா நான் லீவு போட்டுட்டு இட்டுக்கினு போவேன்" என்றாள். சொல்லும்போது அவள் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அழுகிற பொம்பளையை அதட்டி உட்காரவைக்கலாம். அழுது தீர்ந்தவளை ஒன்றும் செய்ய முடியாது.

சாம்சனும் தம்பி ராபினும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனியில் உலையில் வேலை பார்த்தார்கள். பழைய இரும்பை உருக்குகிற உலை. ஈரமான இரும்பு உள்ளே விழுந்தால் பொங்கித் தெறிக்கும். "டீ குடிச்சிட்டு வந்துடறேன், பார்த்துக்கினு இரு" என்று சாம்சன் தம்பியை நிறுத்திவிட்டுப் போன நேரத்தில் பொங்கியது. ராபினைப் பெட்டியில் வைத்து மூடித்தான் கொடுத்தார்கள்.

அதிலிருந்து சாம்சனுக்குப் பேச்சு இல்லை, சோறு இறங்கவில்லை. தூக்கம் சுத்தமாகப் போயிற்று. படுக்கப் போனால் பதறி எழுந்து வாசலுக்கு ஓடிவந்து குந்திக்கொள்வான். ஆள் துரும்பாகிவிட்டான். ஒருத்தனை நெருப்புக்குக் கொடுத்தாச்சு, இவனையும் வாரிக் கொடுத்துவிடுவோமோ என்ற பயம் கிழவருக்கு. யாரிடமும் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நடந்துவிடும்.

உள்ளே கவுன்சலிங் பண்ண இருந்த நர்மதாவுக்கு ராபின் வயசுதான் இருக்கும். இதுவா வைத்தியம் பார்க்கப் போகிறது என்று அவருக்கு அப்போதே சப்பென்று ஆகிவிட்டது.

"எங்க தோதா இருக்கோ அங்க உக்காருங்க சாம்சன். கதவு தெறந்தே இருக்கட்டுமா, சாத்தட்டுமா?"

சாம்சன் கதவையே பார்த்தான். "தெறந்தே" என்றான், காற்றுக்குச் சொல்வதுபோல. கதவோரத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"டீ சொல்லட்டுமா, தண்ணி போதுமா?"

"டீ வேணாம்மா!" கிழவர் குறுக்கே கத்தினார். "அவன் குடிக்கறதில்ல."

ஏன் என்று கேட்பாள், நாலு வார்த்தை சூடாகக் கொடுக்கலாம் என்று நின்றார். அவள் கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த தன்னுடைய டீ டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்பக்கம் வைத்துவிட்டு வந்தாள்.

"இங்க ரயில் போனா ஜன்னல்லாம் ஆடும். சத்தம் பெருசா இருக்கும். வர்றதுக்கு முன்னாடியே நான் சொல்லிடறேன் சாம்சன். திடீர்னு எதுவும் வராது."

சின்னராசு வெளியே பெஞ்சில் குந்தினார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. விழுவதற்குத்தான் ஒன்றும் இல்லை. அவள் கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. இடையில் ஒரு தரம், "ரயில் வருது சாம்சன்." வந்தது, போனது. அவ்வளவுதான். ரயில் வருகிறது என்று சொல்வதற்கு ஒரு படிப்பு! ரயில்வே கேட்டில் கொடி காட்டுகிறவன் இதைத்தானே செய்கிறான், அவனிடமே கூட்டிப் போயிருக்கலாமே.

எட்டிப் பார்த்தார். சாம்சன் சுவரில் தலை சாய்த்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா நடக்குது இங்க?" என்று எழுந்தார். அவள் உதட்டில் விரல் வைத்தபடி வெளியே ஓடிவந்தாள்.

"மெதுவா ஐயா. தூங்கறாரு."

"தூங்க வெக்கறதுக்கா பஸ் ஏறி வந்தோம்? அவன் மனசுல இன்னா கீதுன்னு கேளு. நோண்டாம எப்பிடிம்மா முள்ள எடுப்ப?"

"அவரு காலு ஐயா. அவரா நீட்டட்டும்."

"நல்லா பேசற. பேசியே பொழைக்கறவங்க நீங்க. நான் இன்னா சொல்றேன்னா—"

சொல்லி முடிப்பதற்குள் ரயில் வந்துவிட்டது. கூட்ஸ் வண்டி. மாடியே நடுங்கியது. உள்ளே சாம்சன் அலறிய அலறல் சக்கரச் சத்தத்துக்கு மேலே கேட்டது. நாற்காலி உருண்டு கிடந்தது. அவன் மூலையில் சுவரோடு சுவராக ஒட்டி, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தான்.

நர்மதா அவனைத் தொடவில்லை. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள்.

"சாம்சன், நான் நர்மதா. இது கவரைப்பேட்டை, மாடி ரூம். போனது ரயில், கூட்ஸ் வண்டி. உங்கப்பா வாசல்ல நிக்கறாரு. கால் தரையில படுதா பாருங்க. சொல்றேன்னு சொல்லிட்டு நான் சொல்லாம போயிட்டேன். என் தப்பு."

கிழவர் வாசலிலேயே நின்றார். தப்பு யாருடையது என்று அவருக்குத் தெரியாதா? அதை அவள் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டது அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் யாரிடமும் எதையும் இனாமாக வாங்கினவர் இல்லை.

ரொம்ப நேரம் கழித்து சாம்சன் கையை எடுத்தான்.

"மேடம், எனக்குப் புத்தி பிசகிடுச்சா?"

"ஏன் அப்பிடித் தோணுது?"

"ஊட்ல தலய சாச்சா அந்த வாசன வருது. உல வாசன. தம்பி மேல அடிச்சுதே, அந்த வாசன. கிரேஸுக்கு வரலையாம். எனக்கு மட்டும்தான். இங்க வரல."

வாசனை எங்கிருந்து வருகிறது என்று சின்னராசுவுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பயந்த இடத்து மண்ணை எடுத்துவந்து தலையைச் சுற்றி, துணியில் முடிந்து தலமாட்டில் வைத்தால் பயம் தெளியும். சர்ச்சுக்குப் போக ஆரம்பித்த பிறகும் விடாத வழக்கம். பாஸ்டருக்குத் தெரியாமல் செய்வது. கம்பெனி வாட்ச்மேன் கையைக் காலைப் பிடித்து, உலையடியில் ஒரு பிடி அள்ளிவந்து, மகன் தலையணைக்குள் வைத்துத் தைத்தவர் அவர்தான்.

சொல்லாமல் இருந்துவிடலாம். வீட்டுக்குப் போய் ஓசைப்படாமல் எடுத்துவிடலாம். ஆனால் சாம்சன் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், தீர்ப்பு கேட்கிறவன்போல.

"புத்தி பிசகலடா" என்றார். "வாசன நெசந்தான். நான்தான் வெச்சேன். அவன் வுழுந்த எடத்துல அள்ளினதுதான் அது. உன் தலகாணிக்குள்ள கீது."

சாம்சன் திரும்பினான். திட்டுவான் என்று பார்த்தார். "நெசமாவா நைனா?" என்று கேட்டுவிட்டு, குழந்தைபோல உதடு பிதுங்கி அழுதான். பெட்டி இறங்கின அன்றுகூட அழாதவன்.

நர்மதாவும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவரு பொழைக்கணும்னுதான் வெச்சீங்க" என்றாள்.

"போய்த் தூக்கிப் போட்டுடறேன்" என்று கிளம்பப் போனவர் நின்றார். மூடின பெட்டி. முகம் பார்க்கவில்லை. சின்னவனுடையது என்று இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு பிடிதான். அதை எந்தக் குப்பையில் போடுவது?

"போட வேணாம் ஐயா. அவரு தலமாட்டுல மட்டும் வேணாம். உங்களுக்கு எங்க வெச்சுக்கத் தோணுதோ அங்க வெச்சுக்குங்க. ராபினப் பத்திப் பேசணும்னா நீங்களும் வாங்க."

"எனக்கு இன்னா கேடு? நான் நல்லாத்தான் கீறேன்."

சாம்சன் இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கிறேன் என்றான். கிரேஸுக்குப் போன் போட்டு, வேலை விட்டதும் வந்து கூட்டிப் போகச் சொன்னார்கள். கிழவர் வீட்டுக்குக் கிளம்பினார், தலையணையைப் பிரிக்க.

சந்தில் இறங்கி நடந்தார். வழக்கம் பொய்யாகாது. கம்பெனியில் மண் எங்கே இருக்கிறது, எல்லாம் சிமெண்ட்டுத் தரை. அள்ளி வந்தது இரும்புக் கசடு. நல்ல மண்ணாக இருந்தால் தெளிந்திருக்கும். இந்தப் பொண்ணு என்ன செய்தாள்? கதவைத் திறந்துவைத்தாள், டம்ளரை எடுத்துவைத்தாள். இதெல்லாம் ஒரு வைத்தியமா?

மேலேயிருந்து அவள் குரல் கேட்டது: "ரயில் வருது சாம்சன்."

சொல்லுவா, நல்லா சொல்லுவா, என்று முனகினார். உலை பொங்கப்போவுதுன்னு அன்னிக்கு என் புள்ளைக்கு ஒருத்தனும் சொல்லலியே.

ரயில் கடந்து போயிற்று. அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.