பதில் சல்யூட்

ஜெனரல் ஸ்ட்ரோதர் சாக வேண்டுமென்று எதிரியைவிட அதிகமாக ஆசைப்பட்ட ஒருவன் எங்கள் டிவிஷனிலேயே இருந்தான். பெயர் வெண்டல் ப்ரூயிட். ஆர்கன்சாக்காரன், கார்ப்பரல். அவன் ஆசை எனக்குத் தெரியும், ஜெனரலுக்குத் தெரியாது. ஜெனரலுக்கு ஜீப் ஓட்டியவன் நான். என் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

எல்லாம் சல்யூட்டால் வந்த வினை. உலகத்தில் எந்தப் படையும் முன்னணியில் சல்யூட் வைக்காது. வைத்தால், எதிரே ஒளிந்திருக்கும் ஸ்னைப்பருக்கு ‘இவர்தான் பெரிய அதிகாரி, இவரைச் சுடு’ என்று நாமே விரல் நீட்டிக் காட்டியதாகிவிடும். பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற இந்தச் சங்கதி எங்கள் ஜெனரல் மண்டையில் மட்டும் ஏறவில்லை. ‘இந்த டிவிஷன் எங்கே இருந்தாலும் சல்யூட் வைக்கும்’ என்று இத்தாலியில் நாங்கள் போன ஊரெல்லாம் பலகை அடித்து நட்டுவைத்தார். முன்னணிச் சிப்பாய்கள் அதைப் பிடுங்கிக் காப்பி போட விறகாக்கினார்கள். அது அவர் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோம்.

அவரை முழு முட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். கன்சாஸில் குதிரைச் சேணம் தைத்து விற்றவரின் மகன். வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்தார். முதல் யுத்தத்தில் பிரான்ஸ் காட்டில் அவர் நடத்திய சிப்பாய்க் கம்பெனி சிதறி ஓடத் தொடங்கியபோது, ஒரே ஒரு சார்ஜண்ட் ஓடாமல் வந்து, அவர் முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் வைத்து, “என்ன உத்தரவு சார்?” என்று கேட்டானாம். அதைப் பார்த்து ஓடினவர்கள் எல்லாம் நின்றார்களாம். அன்றிலிருந்து அவருக்கு ஒரே வேதம்: “கை ஒழுங்கா நிக்கிறவனுக்குக் கால் ஓடாது.” யுத்தம் முடிந்ததும் அரசாங்கம் அவரை மறந்துவிட்டது. தூசி பறக்கும் கோட்டைகளில் தலை நரைக்கும்வரை கேப்டனாகவே கிடந்தார். மனைவி போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் இல்லை. அடுத்த யுத்தம் வந்துதான் தோளில் இரண்டு நட்சத்திரங்கள் ஏறின. கைக்கு எட்டிய தூரத்தில் மூன்றாவது நட்சத்திரமும் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் எதிரே இருந்த ஓர் ஆற்றைக் கடந்து அக்கரையைப் பிடித்துவிட்டால், பல டிவிஷன்கள் சேர்ந்த ஒரு கோர் முழுக்க அவர் கைக்கு வரும் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

இனி ப்ரூயிட் கதை. இலையுதிர் காலத்தில் ஒரு சந்தைத் திடலில் இரண்டு கையிலும் சூப்புப் பானையோடு வந்தவன் ஜெனரலுக்கு சல்யூட் வைக்கவில்லை. பானையை எங்கே வைப்பான், தலையிலா? ஜெனரல் நின்றார். தன் காலி ஜீப்பைக் காட்டினார்.

“இதுக்கு சல்யூட் வை. நான் திரும்பி வந்து பதில் வைக்கிற வரைக்கும் கை இறங்கக் கூடாது.”

இதுவும் படையின் பழக்கம்தான். சின்னவன் வைத்த சல்யூட்டைப் பெரியவர் பதில் வைத்து எடுத்துக்கொள்ளும்வரை சின்னவன் கையை இறக்கக் கூடாது. ஜெனரல் ஆலோசனைக்குப் போனார். வெயில் சாயும்வரை வரவேயில்லை. ப்ரூயிட் காலி ஜீப்புக்கு முன்னால் நின்றான். சந்தைப் பெண்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கை மரத்துப்போயும் இறக்கவில்லை. கடைசியில் ஜெனரல் வேறு யாருடனோ பேசிக்கொண்டே வந்தார், அவன் முகத்தைப் பார்க்காமல் ஈ ஓட்டுவதுபோல ஒரு பதில் சல்யூட் வைத்தார், ஏறி உட்கார்ந்தார்.

அன்று இரவுச் சாப்பாட்டு வரிசையில் ப்ரூயிட் என் பக்கத்தில் வந்து நின்றான்.

“கிளைட், உன் ஆளு என்னைக்காவது ஒருநாள் முன்னணிக்கு வருவாருல்ல?”

“வருவாரு. எதுக்குடா?”

“அன்னைக்கு அவருக்கு ஜென்மத்துல யாரும் வைக்காத மாதிரி ஒரு சல்யூட் வைக்கப்போறேன். வெட்டவெளியில வச்சு. அவர் போட்ட சட்டம்தானே, யாரு என்னைக் கேக்க முடியும்?”

சொல்லிவிட்டுச் சிரித்தான். சொன்னால் ப்ரூயிட்டுக்கு ராணுவக் கோர்ட்டு, சொல்லாவிட்டால் ஜெனரலுக்குச் சவப்பெட்டி. இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. குளிர்கால மழையில் ஆறு கரைபுரண்டு ஓடியது. மறுநாள் அதைக் கடக்க வேண்டும். தன் கண்ணால் பார்க்காத கரைக்கு ஒரு சிப்பாயையும் அனுப்ப மாட்டார் ஸ்ட்ரோதர். அந்தப் பெருமையை அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது. “கிளம்பு, ஹேவர்காம்ப்” என்றார். அவருக்கு நான் கிளைட் இல்லை, ஹேவர்காம்ப்தான். கரையில் எந்தக் கம்பெனி இருக்கிறது என்று கேட்டேன். ப்ரூயிட் இருக்கும் கம்பெனிதான். வண்டியைக் கிளப்பிக்கொண்டே பேச்சைத் தொடங்கினேன்.

“சார், ஆத்து வளைவுல நம்ம ஆபீசருங்க மூணு பேரைச் சாய்ச்சிட்டான் ஒரு ஸ்னைப்பர்.”

“அதுக்கு?”

“ஹெல்மெட்ல இருக்குற நட்சத்திரத்தைக் கொஞ்சம் மறைச்சுக்கிட்டா...”

“இது ஏற எனக்கு ஒரு ஆயுசு ஆச்சு. மறைக்கிறதுக்கா வாங்கினேன்?”

“நீங்க விழுந்தா நாளைக்கு ஆத்தைக் கடக்கவைக்க ஆள் இல்ல சார்.”

கொஞ்ச தூரம் போனோம். பிறகு வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிக் குனிந்து சேற்றை அள்ளி ஹெல்மெட்டில் தானே அப்பிக்கொண்டார். பின்சீட்டில் கிடந்த என் பழைய கோட்டை மாட்டிக்கொண்டார். பார்த்தால் வயதான சமையல்காரர் மாதிரி இருந்தார். பாதிப் பாரம் இறங்கியது எனக்கு.

மீதிப் பாரம் குன்றின் அடிவாரத்தில் காத்திருந்தது. ஜீப் போகக்கூடிய பாதை அங்கே முடிகிறது. வழிகாட்ட வந்து நின்றவன் ப்ரூயிட்.

“நானேதான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்” என்று என் காதில் கிசுகிசுத்தான்.

ஜெனரல் அவன் கையைப் பார்த்தார். அது தொடையோடு ஒட்டிக் கிடந்தது.

“கை எங்கே போச்சு?”

“இங்க வேண்டாம் சார். அங்க வந்து நல்லா வைக்கிறேன்.”

ஜெனரல் உறுமினார். அவ்வளவுதான். அவனை அவருக்கு அடையாளம் தெரியவேயில்லை. ப்ரூயிட் முன்னால் நடந்தான், நடுவில் ஜெனரல், பின்னால் நான். அவன் வலது கையைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை. அது உயர்ந்தால் பின்னாலிருந்து பாய்ந்து தள்ளிவிடுவது என்று கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். யாரைத் தள்ளுவது என்று மட்டும் முடிவாகவில்லை.

ஆற்றங்கரைக்குக் கொஞ்சம் முன்னால் இடிந்த மாவு மில் ஒன்று. அதன் சுவர் முடிகிற இடத்தில் ஒரு வெட்டவெளி. அதைத் தாண்டினால் ஒரு வீட்டு நிலவறை, கம்பெனியின் இருப்பிடம். வெட்டவெளி முழுக்க அக்கரை ஸ்னைப்பரின் கண்ணில். ஆற்றின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் பேசுவதே கேட்காது, காதோடு காதாகக் கத்த வேண்டும். சுவருக்குப் பின்னால் மூன்று பேரும் பதுங்கினோம். அப்போது ப்ரூயிட் சுவர் முனைக்கு நகர்ந்து ஜெனரலை நேராகத் திரும்பிப் பார்த்தான். கை மெல்ல மேலே போனது. மார்பைத் தாண்டியது.

ஹெல்மெட் வாரைப் பிடித்து இழுத்துவிட்டு அது கீழே இறங்கியது.

‘ஆண்டவனே’ என்று நான் சுவரில் சாய்ந்தேன். சாய்ந்த இடத்தில் குண்டு துளைத்த ஓட்டை இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால், வெட்டவெளியின் நடுவில் ஒருவன் விறைப்பாக நிற்கிறான். கை நெற்றியில்.

லெப்டினன்ட் விட்காம்ப். முந்தின நாள்தான் முன்னணிக்கு வந்தவன். பின்னணி முகாமில் ஜெனரலின் சல்யூட் பிரசங்கத்தை வரி விடாமல் கேட்டவன். ஜெனரல் வருகிறார் என்று கம்பெனிக்குச் சொல்லியிருந்தார்கள், எங்களை நிலவறையிலிருந்து பார்த்திருக்கிறான், வரவேற்க ஓடி வந்திருக்கிறான். நாங்கள் சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டோம். அவனோ சுவர் முனையைப் பார்த்து சல்யூட் வைத்துவிட்டான், பதில் வரும்வரை நிற்கிறான். பேய் விலகிவிட்டது என்று நான் நினைத்தால், ஜெனரலின் வேதத்தை நம்பிய பக்தனே இங்கே குண்டுக்கு முன்னால் நிற்கிறான்.

“ஏன் இன்னும் சுடல?” என்று ப்ரூயிட்டின் காதில் கத்தினேன்.

“பெரிய மீனுக்காகக் காத்திருக்கான். இந்தப் பய யாருக்கோ சல்யூட் வைக்கிறான்னு அவனுக்குத் தெரியாதா? அலுத்துப்போச்சுன்னா இவனையே போட்டுருவான்.”

ஜெனரல் ஓட்டையில் கண்ணை வைத்தார். “கையை இறக்கு! படு!” என்று கத்தினார். ஆறு அதை விழுங்கியது. நான் ஒரு செங்கல்லை வெளியே எறிந்தேன். விட்காம்ப் அதைப் பார்த்தான், இன்னும் விறைப்பானான். இதுவும் ஒரு பரீட்சை என்று நினைத்திருப்பான், பாவி.

நான் வெளியே ஓட எழுந்தேன். ஜெனரல் என் காலரைப் பிடித்து இழுத்தார்.

“நீ போனா இறக்க மாட்டான். எனக்கு வச்சிருக்கான்.”

“எவ்வளவு நேரம் சார் நிப்பான்?” என்றேன்.

பதில் ப்ரூயிட்டிடமிருந்து வந்தது. ஜெனரலின் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னான்.

“பதில் வர்ற வரைக்கும் நிப்பான் சார். நான் நின்னேன். சந்தைத் திடல்ல, உங்க காலி ஜீப்புக்கு முன்னால.”

ஜெனரல் அவனை அப்போதுதான் பார்த்தார். பார்வை அவன் முகத்திலேயே நின்றது.

“அந்த ஜீப்புக்குக் கையில்ல சார்” என்றான் ப்ரூயிட். “உங்களுக்கு இருக்கு.”

ஜெனரல் எழுந்தார். என் பழைய கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழ்வரை சரிபார்த்தார். பிறகு சுவர் முனையைத் தாண்டி வெட்டவெளியில் போய் நின்று, குதிகாலைச் சேர்த்து, கையை நெற்றிக்கு உயர்த்தினார். எத்தனையோ ஆயிரம் சல்யூட்டுக்கு அவர் பதில் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு ஒழுங்காக வைத்ததைப் பார்த்ததில்லை. விட்காம்பின் கை இறங்கியது. அவர் “படு!” என்று சைகை காட்ட, அவன் நிலவறைக்குள் உருண்டான். அதற்குள் குண்டு வந்துவிட்டது.

வெளியே பாய்ந்து அவர் காலைப் பிடித்து உள்ளே இழுத்தவன் ப்ரூயிட். இரண்டாவது குண்டு சுவரில் பட்டுக் கல் சிதறியது. ஜெனரலின் வலது முழங்கை இருந்த இடத்தில் எலும்பும் ரத்தமுமாக இருந்தது. பெல்ட்டைக் கழற்றி இறுக்கிக் கட்டினோம். மில் சுவரோரமாக ஊர்ந்து ஊர்ந்து அவரைக் குன்றடிவாரம்வரை கொண்டுவந்தோம்.

அந்தக் கை தங்கவில்லை, ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆற்றை மறுநாள் வேறொரு ஜெனரல் கடந்தார், மூன்றாவது நட்சத்திரமும் அவருக்கே போனது. ஸ்ட்ரோதர் கன்சாஸுக்குத் திரும்பி, தகப்பனின் பழைய வீட்டில் யாரையும் பார்க்காமல் வாழ்ந்து முடிந்தார். எனக்கு மறக்காமல் இருப்பது அதெல்லாம் இல்லை.

அன்று குன்றடிவாரத்தில், அவர் கிடந்த ஸ்ட்ரெச்சரை ஜீப்பில் கட்டிக்கொண்டிருந்தேன். ப்ரூயிட் கையிலிருந்த ரத்தத்தைக் கோட்டில் துடைத்தான்.

“மில்லுகிட்ட நான் கையைத் தூக்கினது வாரை இழுக்க இல்ல சார்” என்றான். “முழுசா தூக்க மனசு வரல.”

“தெரியும்” என்றார் ஜெனரல். உதடு வெளுத்திருந்தது. “அன்னைக்கு உனக்குத் தண்டனை கொடுத்தேன்னு நீ நினைச்சிருப்பே. கொடுக்கல. உன்னை அங்க நிக்க வச்சதையே மறந்துட்டேன்.”

ப்ரூயிட் ஹெல்மெட்டை நேராக்கிக்கொண்டான். பிறகு ஓரடி பின்னால் போய், குதிகாலைச் சேர்த்து, அவருக்கு சல்யூட் வைத்தான். குன்று மறைத்த இடம்தான், எந்த ஸ்னைப்பருக்கும் தெரியாது. ஜெனரலின் வலது தோள் அசைந்தது. கை வரவில்லை. மறுபடி முயன்றார். வலியில் பல்லைக் கடித்தார்.

“இறக்குப்பா” என்றார்.

“பதில் வரட்டும் சார்.”

வண்டியைக் கிளப்பினேன். சேற்றுப் பாதையில் மெதுவாகத்தான் போக முடிந்தது. மல்லாந்து கிடந்தவருக்கு வானம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

“ஹேவர்காம்ப், இறக்கிட்டானா?”

திரும்பிப் பார்த்தேன். “இல்ல சார்.”

வளைவு திரும்பி அவன் மறையும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தார். மறைந்த பிறகும் கேட்டார்.