சிவப்பு வைத்த போல்ட்டு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. கற்பனையில் பிறந்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. அப்படிச் சொல்பவர்களுக்குத்தான் சால்வை விழுகிறது. ஆனால் 2003ஆம் வருடம் ஈஸ்டர் ஞாயிறு காலையில் ஒரு நாளிதழின் இணைப்பில் வந்த புகைப்படத்தைப் பார்த்து எனக்கு வந்தது கோபம்தான்.

படத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் செடான். பானெட் திறந்திருக்கிறது. அதன்மேல் கையூன்றி ஒருவர் சாய்ந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை. கீழே ஒரு வரி: ‘இன்ஜினைத் தன் கையாலேயே செதுக்கிய தலைவர்.’

இன்ஜினைப் பிரித்துக் கோத்தவர்களின் நகங்களை நான் பார்த்திருக்கிறேன். இது அந்த ரக நகம் இல்லை. இந்தக் கை மோர்க்குழம்பில்கூட ஸ்பூன் துணையோடுதான் இறங்கியிருக்கும்.

அந்த இன்ஜினின் மேல்பாகத்தை, அதாவது சிலிண்டர் ஹெட்டை, செய்தது ராயபுரம் கல்மண்டபத்துப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஐரீனும் அவள் கணவன் பிராங்கிளினும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், வேலை நடந்த நாட்களிலெல்லாம் கவிழ்த்த ஆயில் டின்மேல் உட்கார்ந்து, டீ குடித்து, அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தவன் நான்.

சஸ்பென்ஸ் வைக்கப்போவதில்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த இன்ஜினில் ஒரு போல்ட்டு இறுக்கப்படாமல் இருக்கிறது. பந்தயம் தொடங்குவதற்குச் சற்று முன்னால்தான் அது ஐரீனுக்குத் தெரியவருகிறது. சொன்னால் பட்டறையின் பெயர் போகும். சொல்லாவிட்டால் இன்ஜின் போகும். அதோடு ஆளும் போகலாம். கதை அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் வயிற்றெரிச்சல்.

2

முதல் தொடக்கம்: ‘இயந்திரத்தின் இதயக் கதவுகளைத் திறந்து மூடும் உலோகக் கவிதையே கேம்ஷாஃப்ட், அதன் ஒவ்வொரு சுழற்சியிலும் மனிதகுலத்தின்—’

இதை ஐரீனிடம் படித்துக்காட்டினேன்.

“இன்னா வாத்யாரே, ஹார்ட்டு ஆபரேசனா?” என்றாள்.

அந்த வரியை அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம் என்னுடையதல்ல. வடசென்னைச் சிறப்பிதழுக்குக் கதை கேட்ட பத்திரிகை ஆசிரியருடையது. தொலைபேசியில் கேட்டார்.

“கேம்ஷாஃப்ட்டா? சார், இது வடசென்னை ஸ்பெஷல். ஒரு கத்தி வேணாமா?”

“வால்வு சீட்டு வெட்டுற கட்டர் இருக்கு.”

“அதுல ஆளை வெட்ட முடியுமா?”

“முடியாது.”

“அப்ப மண்வாசனையாவது வரணும் சார்.”

மண்வாசனை. விம்கோ நகர்த் தொழிற்சாலைகள் பக்கம் ஒரு நாள் வந்து மூக்கைத் திறந்து இழுக்கச் சொல்லவேண்டும், அப்புறம் அவர் வாசனை என்கிற சொல்லையே பத்திரிகையில் அனுமதிக்கமாட்டார். ஆனாலும் பக்கத்தை விடக்கூடாதே என்று எழுதிப் பார்த்தேன்: ‘ராயபுரத்தின் இருண்ட சந்தில் கத்தியொன்று பளிச்—’

எதற்குப் பளிச்? அந்தச் சந்தில் அந்நேரத்துக்குப் பளிச்சிட்டது மீன்காரம்மாவின் எவர்சில்வர் தூக்குதான். அதையும் அடித்தாயிற்று.

[கெட்டவார்த்தையும் கத்தியும் இல்லாமல் வடசென்னையில் யாராவது ஒருவர் ஒரு முழுநாளைக் கழித்தார் என்று எழுதினால் அதை விஞ்ஞானக் கதை வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள்.]

3

இனி கொஞ்சம் இன்ஜின். பயப்படவேண்டாம்.

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை முட்டையாக மேடு வைத்த ஒரு தண்டு. அது சுற்றும்போது மேடு வந்து வால்வை அமுக்கும். வால்வு திறக்கும், இன்ஜின் மூச்சு வாங்கும். மேடு தாண்டியதும் ஒரு ஸ்பிரிங் அதைத் திரும்ப மூடும். மேடு உயர்ந்தால் வால்வு அதிகம் திறக்கும், மூச்சு பெருகும், வண்டி பறக்கும். இந்த வண்டியில் அப்படி இரண்டு தண்டு: காற்றை உள்ளே விட ஒன்று, புகையை வெளியே தள்ள ஒன்று. இரண்டின் முனையிலும் ஒரு பல்சக்கரம். ஒவ்வொரு பல்சக்கரத்தையும் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு போல்ட்டு.

தலைவர் (கார்ப் பந்தயச் சங்கத்துக்குத் தலைவர், அவருக்குப் பெயர் வைக்கமாட்டேன், வைத்தால் அதையும் தானே வைத்துக்கொண்டதாகச் சொல்வார்) வெளிநாட்டுக் கேம் இரண்டை வெல்வெட் துணியில் சுற்றி, மாப்பிள்ளைக்கு வாட்ச் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தார். பட்டறைக்குள் நுழையவில்லை. கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“புது ஸ்பிரிங்கு எங்க சார்?” என்று கேட்டாள் ஐரீன்.

“ஸ்பிரிங் எதுக்கு? கேம்லதானே பவர்?”

“பெரிய கேமு போட்டு பழைய ஸ்பிரிங்கு வெச்சா, வேகத்துல வால்வு மூடறதுக்குள்ள பிஸ்டன் வந்து முட்டிக்கும். அப்பால நீ ரேஸு ஓட்ட முடியாது சார், ஓரமா குந்திப் பாக்கலாம்.”

தலைவர் பிராங்கிளினைப் பார்த்து, “வைஃப் நல்லாப் பேசுறாங்க” என்றார். அடுத்த வாரம் ஸ்பிரிங் வந்தது. அது தனக்குத் தோன்றிய யோசனை என்று சங்கத்தில் அவர் பேசிய செய்தியும் வந்து சேர்ந்தது.

நான் கொதித்தேன். பிராங்கிளின் கொதிக்கவில்லை. அவன் கணக்கு வேறு.

“பேசட்டும் வாத்யாரே. வண்டி ஓடசொல்ல சத்தம் கேக்கும்ல? அந்த சத்தம் யாரு கைன்னு ரேஸ்காரனுக்கு தெரியாதா? இத்தினி நாளா தண்ணி லாரிக்கு வால்வு தேச்சிகினு கீறோம். இந்த ஒரு வண்டி போதும். கோயமுத்தூருக்கு போற ரேஸு ஹெட்டெல்லாம் கல்மண்டபத்துக்கு வரும். ஜப்பான்காரனே வந்து, யாருப்பா இந்த பிராங்கிளினுன்னு கேப்பான்.”

“கேப்பான். நீ ஆமா சாமின்னு பல்லக் காட்டு” என்றாள் ஐரீன், வால்வு வந்து உட்காரும் சீட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே.

பிராங்கிளின் அடக்கமான உழைப்பாளி இல்லை என்பதைக் கவனியுங்கள். அடக்கமான உழைப்பாளியை ஆசிரியர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இவன் தலைவருக்குச் சமமாகப் பீற்றிக்கொள்பவன். ஒரே வித்தியாசம், இவன் பீற்றிக்கொள்கிற வேலையை இவன் செய்திருக்கிறான்.

4

ஐரீனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அவளைச் சரியாக எழுதவில்லையோ என்று.

கதையின் முதல் பிரதியில் அவளுக்குக் கண்ணீர் வைத்திருந்தேன். நாளிதழ்ப் படத்தைப் பார்த்ததும் ‘அவள் விழியோரம் ஒரு துளி—’

“நான் எப்ப அழுதேன்?” என்று கேட்டாள்.

“கதைக்காக.”

“கதைக்கு ஓணும்னா நீ அழு. அந்த போட்டோ பாத்து நான் இன்னா சொன்னேன்?”

“சட்டை நல்லா வெளுத்திருக்குதுன்னு சொன்னே.”

“அத்த எழுது.”

எழுதிவிட்டேன்.

5

இப்போது, நடந்த தவறு. அது ராயபுரத்தில், அந்த வாரத்தில், அந்த ஜனங்களுக்குத்தான் நடக்கும்.

பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது, போட்டவள் ஐரீன். முக்கியமான போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் அளந்து இறுக்கவேண்டும். இறுக்கியதும் தலையில் சிவப்பு நகப்பாலீஷால் ஒரு பொட்டு. பொட்டு இருந்தால் முடிந்தது என்று அர்த்தம். யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் சாயங்காலம் எல்லாம் இறுகிவிட்டது. எக்ஸாஸ்ட் பக்கத்துக் கேம் போல்ட்டு ஒன்றுதான் பாக்கி. அதைக் கையால் சுற்றிவிட்டு ரெஞ்சைத் தேடினால், பக்கத்து லேத் பட்டறை இக்னேஷியஸ் அதை இரவல் வாங்கிக்கொண்டு டோல்கேட் வரை போயிருந்தான். கோவில் மணி அடித்தது. ஐரீன் பாலீஷ் பாட்டிலை மூடப்போனவள், அந்தக் கடைசி போல்ட்டுக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு மூடினாள். பூசை முடிந்து வந்ததும் இறுக்கிவிடலாம், அதற்குள் காய்ந்திருக்கும். சட்டம் போட்டவள்தான். ஒரே ஒரு தடவை.

கோவிலில் போய்ப் பார்த்தால், இயேசுவின் சீடர்களாகப் பாதம் கழுவ உட்காரவைத்த பன்னிரண்டு பேரில் ஒருத்தனாக இக்னேஷியஸ் உட்கார்ந்திருந்தான், முகத்தில் அப்போஸ்தலர் களை. ரெஞ்சைப் பற்றி அவனை அந்த நிலையில் கேட்க முடியுமா? பூசைக்கப்புறம் நள்ளிரவு வரை ஆராதனை. ரெஞ்சு வந்து சேர்ந்தபோது பெரிய வெள்ளி பிறந்துவிட்டது.

பெரிய வெள்ளியன்று அந்தத் தெருவில் யாரும் இரும்பைத் தொடமாட்டார்கள். ஆணி அடிக்கமாட்டார்கள், ஸ்பேனர் பிடிக்கமாட்டார்கள். அன்றைக்குச் சிலுவையில் இரும்பு செய்த வேலை போதும் என்பது கணக்கு. நான் கோவிலுக்குப் போகாதவன். எனக்கே அது நியாயமாகப் பட்டது.

சனிக்கிழமை காலை, போல்ட்டு ஞாபகமே இல்லாமல், ஐரீன் ஈஸ்டருக்காகக் கோவில் கழுவப் போய்விட்டாள். தலைவரின் ஆட்கள் டிரெய்லரோடு வந்து நின்றார்கள். பிராங்கிளின் பார்த்தான், எல்லாப் போல்ட்டிலும் சிவப்பு. மூடியைப் போட்டான். வண்டியை ஒருமுறை கிளப்பிச் சத்தம் கேட்டான், ரசித்தான், அனுப்பிவிட்டான்.

[இங்கே யார் குற்றவாளி என்று கண்டுபிடிக்கும் ஆவல் உங்களுக்கு வந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். மைக் பிடித்தவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்.]

6

ஞாயிறு. சோழவரம், பழைய விமான ஓடுதளம். ஈஸ்டர் அன்றைக்குப் பந்தயம் வைக்க எப்படி மனசு வந்தது என்று கேட்டால், “அது யாருக்கு ஈஸ்டர்?” என்று சங்கத்தில் கேட்டிருப்பார்கள்.

விடியற்காலைப் பூசை முடித்துப் புதுப் புடவையோடு ஐரீன் வந்தாள். பிராங்கிளின் என்னிடம் ஜப்பான்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். மேடையில் தலைவர் மைக் பிடித்திருந்தார்.

“நண்பர்களே, இந்த இன்ஜின்ல உள்ள ஒவ்வொரு போல்ட்டையும் என் கையால நான் இறுக்கினேன்.”

கைதட்டல். ஐரீன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“யோவ், நேத்து மூடசொல்ல எக்ஸாஸ்ட்டு பக்கம் போல்ட்டு பாத்தியா?”

“பாத்தனே. செவப்பு வெச்சிருந்தியே.”

“இறுக்கிப் பாத்தியா?”

“நீ செவப்பு வெச்சதுக்கு மேல நான் இன்னாத்துக்கு இறுக்கப்போறேன்?”

அவள் விரல்களைச் சுழற்றிக் காட்டினாள். பிராங்கிளினுக்குப் புரிந்தபோது அவன் முகத்திலிருந்து ஜப்பான்காரன் இறங்கிப்போனான்.

“கையால சுத்தினதுதானா?”

“கையாலதான்.”

சும்மா உறுமும்போது அது தாங்கும். முழு வேகத்தில் தாங்காது. பல்சக்கரம் நழுவும், வால்வும் பிஸ்டனும் மோதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் இறுகினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த வேகத்தில் அதற்கப்புறம் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்லமுடியாது.

“சொல்லிடலாமா?” என்றான் பிராங்கிளின்.

“சொன்னா இங்க கீற அத்தினி ரேஸ்காரனுக்கும் தெரியும், கல்மண்டபத்துல போல்ட்டே இறுக்கமாட்டாங்கன்னு. அப்பால தண்ணி லாரிக்காரன்கூட யோசிப்பான்.”

“சொல்லலன்னா?”

“அந்தாளே எல்லாத்தையும் இறுக்கினதா மைக்குல சொல்லிட்டாரே. அப்ப அதுவும் அவர் இறுக்கினதுதான்.”

இதை அவள் வேடிக்கையாகச் சொன்னாளா, தீர்மானமாகச் சொன்னாளா? நான் அவளுக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றேன். எனக்குத் தெரியவில்லை.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு. ஐரீன் சொல்லிவிடுகிறாள். மூடியைக் கழற்றி இறுக்குகிறார்கள். தலைவர் ஜெயிக்கிறார். மைக்: “ஒரு சின்ன வேலைக்கு ராயபுரத்துல கொடுத்தேன். போல்ட்டைக்கூட இறுக்காம அனுப்பியிருக்காங்க. நல்லவேளை, நான் கவனிச்சேன்.” கைதட்டல்.

இரண்டாம் முடிவு. சொல்லவில்லை. பாதி ஓட்டத்தில் இன்ஜின் இறுகுகிறது. வண்டி முட்புதருக்குள் போகிறது. [தலைவருக்கு என்ன ஆனது என்று மூன்று விதமாக எழுதி மூன்றையும் அடித்தேன், மூன்றாவதில் எனக்கே என்மேல் பயம் வந்தது.] மைக் வேறொரு கைக்குப் போகிறது: “ராயபுரத்துல கொடுத்திருக்கார் பாவம். அதான் விஷயம்.”

ஜெயித்தால் அவர் செய்த இன்ஜின். உடைந்தால் ராயபுரத்தில் செய்த இன்ஜின். எழுதுபவன் நான். பேனா என் கையில். இரண்டு முடிவிலும் அந்த மனிதரைத் தப்பவிடாமல் என்னால் எழுத முடியவில்லை என்றால், இந்தத் தொழிலுக்கு நான் எதற்கு?

மூன்றாம் முடிவு ஆசிரியருடையது. பிராங்கிளின் கத்தியை எடுக்கிறான். (பிராங்கிளின் கேட்டுவிட்டு, “எங்க வூட்டு கத்தில வெங்காயமே நசுங்கும் வாத்யாரே” என்றான்.)

மற்ற இரண்டையும் ஐரீனிடம் படித்துக்காட்டினேன்.

“ரெண்டுத்துலயும் அவங்களே பேசிகினு கீறாங்க. நான் எங்க?”

அவள் கேட்டது நியாயம். அங்கே உண்மையில் அவள் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். காதால் கேட்டேன். எழுதமாட்டேன். சொன்னாள் என்று எழுதினால் நீங்கள் அவளைப் புனிதவதி ஆக்கி, பீடத்தில் ஏற்றி, அப்புறம் உங்கள் கார் ஹெட்டைக் கோயமுத்தூருக்கு அனுப்புவீர்கள். சொல்லவில்லை என்று எழுதினால், வடசென்னை என்றால் இப்படித்தான் என்று தலையாட்டுவீர்கள். அதுவரை அவள் தேய்த்த வால்வு சீட்டும் வழவழப்பாக்கிய காற்றுத் துளைகளும் உங்களுக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

ஆகவே நடந்ததில் ஒரு துண்டை மட்டும் வைக்கிறேன், அதில் நீங்கள் நின்றுகொள்ளுங்கள்.

வண்டி கோட்டில் நிற்கிறது. தலைவர் உள்ளே, ஹெல்மெட் மாட்டியிருக்கிறார். கூட்டமும் மைக்கும் தூரத்தில். அவர் சுற்றும்முற்றும் பார்த்துக்கொள்கிறார். கையை வெளியே நீட்டி ஐரீனைக் கூப்பிடுகிறார். அவள் போகிறாள், பின்னாலேயே நானும்; ஜன்னலில் குனிகிறாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, இதுவரை எந்த மேடையிலும் கேட்காத ஒரு சின்னக் குரல் வருகிறது.

“எல்லாம் சரியாத்தானே இறுக்கியிருக்கீங்க, மேடம்?”

கொடிக்காரர் கையைத் தூக்கிவிட்டார். குனிந்து நிற்பது இப்போது நீங்கள்தான். சீக்கிரம் சொல்லுங்கள்.